டைட்டானிக் மூழ்கியதற்கு யார் பொறுப்பு? கட்டுரை திருத்துவோரின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், முக்கால்வாசி மாணவர்கள் கேப்டன் ஸ்மித்தைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போடலாமா?

பதில்: யாரைக் கைகாட்டினார்கள் என்பதற்கு மதிப்பெண்ணே கிடையாது. “பனிப்பாறை எச்சரிக்கை வந்தும் வேகமாகப் போனார், எனவே குற்றவாளி” என்பது பாதி வாதம்தான். சுமார் 22 நாட் (மணிக்கு ஏறத்தாழ 40 கி.மீ.) வேகத்தைக் குறைக்காதது உண்மை. ஆனால் வானம் தெளிவாக இருந்தால் அதே வேகத்தில் போவதுதான் அன்றைய கப்பல்களின் வழக்கம். பிரிட்டிஷ் விசாரணை நடத்திய மெர்சி பிரபு இதைச் சொல்லித்தான், ஸ்மித் செய்தது பெரிய தவறு, ஆனால் அலட்சியம் அல்ல என்றார். ‘எல்லோரும் செய்தால் தப்பு சரியாகிவிடுமா?’ என்று அவரோடு மல்லுக்கு நிற்கிற பிள்ளைக்குத் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: உயிர்காப்புப் படகு போதவில்லை என்று எழுதினால் சரியான காரணம்தானே?

பதில்: எதற்குக் காரணம்? கப்பல் மூழ்கியதற்கா, சுமார் 1,500 பேர் இறந்ததற்கா? பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குவது இங்கேதான். படகு குறைந்ததால் கப்பல் மூழ்கவில்லை. ஓரத்தில் ‘இதனால் எது நடந்தது?’ என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

இரண்டாவதுக்குத்தான் என்றால் வாதிட நிறைய இருக்கிறது. 20 படகுகளில் 1,178 பேருக்கு இடம். கப்பலில் 2,200 பேருக்கு மேல். 10,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்கு 16 படகு போதும் என்றது அரசு விதி. டைட்டானிக் 46,000 டன்னுக்கும் மேல்! விதிப்படி பார்த்தால் கப்பல் நிறுவனம் கூடுதலாகவே வைத்திருந்தது. அப்போது பழி விதி போட்டவர்கள் மேலா, விதியைக் காட்டித் தப்பித்தவர்கள் மேலா? சரி, 40 பேர் ஏறக்கூடிய 1ஆம் எண் படகு 12 பேரோடு இறங்கியதே, அதை எந்த விதியின் மேல் போடுவது? இங்கே வரை வந்த மாணவரின் முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

கேள்வி: ஒரு மாணவி, அருகில் நின்ற கலிஃபோர்னியன் கப்பலின் கேப்டன் லார்டை ‘கொலைகாரன்’ என்று அனல் பறக்க எழுதியிருக்கிறாள். ஆதாரம் ஒன்றுதான்.

பதில்: நடைக்கான மதிப்பெண்ணை நடைக்குக் கொடுங்கள், ஆதாரத்தில் சேர்க்காதீர்கள். டைட்டானிக் உதவி கேட்டு வானில் விட்ட ராக்கெட் தெரிந்த தகவல் லார்டுக்குப் போனது, தூங்கிக்கொண்டிருந்த ரேடியோ ஆபரேட்டரை விடியும்வரை எழுப்பவில்லை. இரண்டும் சாட்சியங்களில் இருக்கின்றன, அவளையே தேடிச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘கொலைகாரன்’ என்ற சொல்லை வட்டமிட்டு ‘நிரூபி’ என்று மட்டும் எழுதினால் போதும்.

கேள்வி: “எல்லோரும்தான் காரணம்” என்று முடித்தால்?

பதில்: யாருக்கு அதிகப் பங்கு, ஏன் என்று சொன்னால் சரி. இல்லாவிட்டால் அது நழுவல்.

கேள்வி: எழுத்துப்பிழைக்கு எவ்வளவு குறைப்பது?

பதில்: அதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். வாதத்தில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: நிறுவனத் தலைவர் இஸ்மே வேகத்தைக் கூட்டச் சொன்னதை சினிமாவில் பார்த்து எழுதியிருக்கிறான். ஏற்கலாமா?

பதில்: சினிமா ஆதாரம் ஆகாது. ஆனால் இஸ்மே கேப்டனிடம் வேகத்தைப் பற்றிப் பேசியதைக் கேட்டதாக ஒரு பயணி சாட்சி சொல்லியிருக்கிறார். வேகத்தில் தான் தலையிடவில்லை என்பது இஸ்மேயின் வாக்குமூலம். இரண்டையும் வைத்து, யாரை ஏன் நம்புகிறான் என்று மறுபடி எழுதித் தரட்டும்.