கதவில்லாத இடத்தில் தூக்கம் எப்படி வரும்? – வீடற்றவர்களின் மனநலம்: கேள்வி பதில்

வீடில்லாமல் தெருவிலும் காப்பகங்களிலும் வாழ்கிறவர்களோடு பல வருடங்களாக மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சாப்பாடு கொடுக்கப் போனபோது, படுத்திருந்த ஒருவரின் தோளைத் தொட்டு எழுப்பினேன். சட்டென்று கையை ஓங்கிவிட்டார். அடுத்த நிமிடமே மன்னிப்புக் கேட்டு அழுதார். குடித்திருப்பாரோ?

பதில்: குடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தூக்கத்தில் ஒருமுறை அடி வாங்கிய உடம்பு, அடுத்த தொடுகையையும் அடியாகத்தான் எடுத்துக்கொள்ளும். யார் தொட்டது என்று யோசிப்பதற்குள் கை எழுந்துவிடுகிறது. இனிமேல் நாலடி தள்ளி, அவர் கண்ணில் படும்படி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உட்கார்ந்து பேசுவது நல்லது. ஆனால் அவர் எழுந்து போகும் வழியை மறித்து உட்காராதீர்கள்.

கேள்வி: இது பி.டி.எஸ்.டி.யா (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்), மனச்சோர்வா? எப்படிக் கண்டுபிடிப்பது சார்?

பதில்: பல பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, 'எல்லாம் என் தப்பு' என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு. நடந்த கொடுமை கனவிலோ பகலிலோ மறுபடி இப்போது நடப்பதுபோல வருவதும், அதை நினைவூட்டும் இடங்களைச் சுற்றிக்கொண்டு போவதும், எந்நேரமும் உஷாராக இருப்பதும் பி.டி.எஸ்.டி.யின் அடையாளங்கள். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். மனச்சோர்வுக்கு இரண்டு வாரம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 படிவத்தின் 9 கேள்விகளில் தூக்கம், பசி, களைப்பு மூன்றும் வரும். நடைபாதையில் படுப்பவருக்கு இந்த மூன்றும் எப்படிச் சரியாக இருக்கும்? அதனால் நான், "பத்திரமான இடம் கிடைத்த ராத்திரியாவது தூங்கினீர்களா?" என்று சேர்த்துக் கேட்பேன். "அங்கேயும் தூக்கம் வரல" என்று சொன்னால், காரணம் இடம் மட்டுமல்ல, நோயாகவும் இருக்கலாம் என்று கவனமாகக் குறித்துக்கொள்வேன்.

கேள்வி: தெருவுக்கு வந்ததால் இந்த நோய் வந்ததா, நோயால் தெருவுக்கு வந்தார்களா?

பதில்: இரண்டு வழியிலும் நடக்கிறது. சின்ன வயதில் பட்ட அடி, வீட்டுக்குள் வன்முறை, போர் என்று பலர் ஏற்கெனவே காயத்தோடுதான் வருகிறார்கள். அப்புறம் தெருவில் திருட்டு, தாக்குதல், பாலியல் வன்முறை. அதிர்ச்சிக்குப் 'பிந்தைய' மன அழுத்தம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இவர்களுக்கு அந்தப் 'பின்' இன்னும் வரவில்லை. தலையில் பட்ட அடியையும் கேட்டுவிடுங்கள். மறதியும் எரிச்சலும் அதனாலும் வரலாம்.

கேள்வி: பாடுபட்டுக் காப்பகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தோம். இரண்டாம் நாளே தெருவுக்குத் திரும்பிவிட்டார். உதவி செய்தும் இப்படி என்றால் மனசு விட்டுப்போகிறது.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் இடத்திலிருந்து பாருங்கள். பெரிய கூடம், அறிமுகமில்லாத பலர், நடுராத்திரியில் யாரோ போடும் சத்தம், உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாத கதவு. பயந்த உடம்புக்கு அது தெருவைவிட மோசம். தெருவிலாவது ஓடுவதற்கு இடம் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தே தூங்குவார். கதவுக்குப் பக்கத்துக் கட்டிலைக் கேட்டார். வரிசை எண்படிதான் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஆளைக் காணோம். பிறகு உள்ளே தாழ் போடக்கூடிய சின்ன அறை ஒன்று கிடைத்தது. முதல் வாரமெல்லாம் செருப்பைக் கழற்றாமல், பகலில்தான் படுத்தார். இரண்டாம் மாதம் ஒருநாள் போனபோது செருப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பேச்சே வரவில்லை.

1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், 'குடியை நிறுத்து, சிகிச்சைக்கு வா' என்று நிபந்தனை போடாமல் முதலில் வீட்டைக் கொடுக்கும் முறையைத் தொடங்கினார். 2009-ல் கனடா 5 நகரங்களில் சுமார் 2,000 பேரிடம் இதைச் சோதித்தது. வீடு கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் அதில் நிலைத்தார்கள். ஆனால் மனநல அறிகுறிகள் இந்தத் திட்டத்தில் இருந்தவர்களுக்கும் வழக்கமான உதவி பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. ஆகவே வீடும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தூக்கத்துக்குக் கொடுக்கப்படும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.யைக் குணமாக்காது, பழக்கமாகிவிடும், மதுவோடு சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். தெருவில் அசந்து தூங்குவதே ஆபத்து. செர்ட்ரலின் போன்ற மருந்துகள் பி.டி.எஸ்.டி., மனச்சோர்வு இரண்டுக்கும் உதவும். ஆனால் டாக்டர்தான் எழுத வேண்டும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பை திருடு போனால் மாத்திரையும் போய்விடும் என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தால் பாரம் குறையாதா?

பதில்: அவராகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். நீங்கள் எழுந்து போனபிறகு அந்த நினைவோடு ராத்திரியைக் கழிக்கப்போவது அவர்தான்.

கேள்வி: "செத்துப்போயிடலாம்னு இருக்கு" என்கிறார். பேச்சை மாற்றிவிடுகிறேன். சரிதானா?

பதில்: மாற்றாதீர்கள். "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தால் தனியே விடாமல் அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள், கூடவே இருங்கள். அந்த அளவுக்கு இல்லை என்றாலும் சீக்கிரமே மனநல டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். நாளை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, அதே மணிக்குப் போய் நில்லுங்கள்.