மேடு ஏறிப் போங்கள், இறங்கி வாருங்கள்

கேள்வி: வயது 58. மதுரையில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து 7 வாரம் ஆகிறது. தினமும் நடக்கச் சொன்னார்கள். போன வாரம் வீட்டிலிருந்து ஏரி வரை இறங்கி நடந்தேன். திரும்பும்போது பாதி மேட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து மகன் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. நடக்கலாமா?

வாசகி, கொடைக்கானல்

பதில்: நடக்கத்தான் வேண்டும் அம்மா. படுத்தே கிடந்தால் கால் தசை வற்றும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையவும் வழியுண்டு. ஆனால் அன்று மூச்சு வாங்கியதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். அவர் சரி என்ற பிறகுதான் மற்றதெல்லாம்.

உங்கள் ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரம். மதுரையைவிட இங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதோடு, தெம்பாக இருக்கும்போது இறங்கிப் போய்விட்டு, களைத்த பிறகு மேடு ஏறியிருக்கிறீர்கள். இனி மாற்றிச் செய்யுங்கள். ஏறிப் போனால், முடியாத இடத்தில் திரும்பிவிடலாம், மிச்சம் இறக்கம்தான்.

அதுவும் உடனே வேண்டாம். முதல் வாரம் வாசலிலேயே காலையும் மாலையும் ஐந்தைந்து நிமிடம். என் அம்மா ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை வைத்திருப்பார். ஒரு சுற்றுக்கு ஒன்று அடுத்த கிண்ணத்துக்குப் போகும். தினமும் ஒரு கொட்டை கூடும், அவ்வளவுதான். அப்புறம் காரில் ஏரிக்கரைக்குப் போய் சமமான ரோட்டில் நடக்கலாம். 5 கிலோமீட்டர் சுற்றையும் முடிக்க ஆசைப்படாதீர்கள். வெயில் ஏறிய பிறகு, ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் போங்கள். குளிர்காற்று ரத்தக்குழாயைச் சுருக்கும். சாப்பிட்டதும் நடக்க வேண்டாம்.

அறுத்த நெஞ்செலும்பு கூடிவர மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை குழாயடிக் குடத்தைத் தொடாதீர்கள், நிறைந்த குடம் 15 கிலோ வரும். இருமும்போது நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் அங்கேயே உட்காருங்கள். வலி விடாவிட்டால் 108. தையலில் நீர் கசிந்தாலோ, நெஞ்செலும்பு 'டக்' என்று அசைந்தாலோ, கால் வீங்கினாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நாடி பார்த்து வேகத்தைக் கணக்கிட வேண்டாம். பைபாஸ் ஆனவர்களுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் நாடியை ஏறவிடாது. பேச்சுதான் அளவு. மகனையே கூட்டிப் போங்கள், வழியெல்லாம் ஏதாவது கேட்டுக்கொண்டே வரட்டும். முழு வாக்கியமாகப் பதில் சொல்ல முடிகிறவரை நடக்கலாம். சொல் பாதியில் அறுந்தால் நிற்க வேண்டும் என்று அவருக்கும் சொல்லிவையுங்கள்.