கருப்பு காருக்கு மாதாமாதம் பாலிஷ் போடலாமா?
அல்சூரில் மரத்தடியில் நிற்கும் கருப்பு காருக்கு மாதாமாதம் பாலிஷ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பாலிஷ் போடுவதென்றால் பெயின்ட்டின் மேலிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். அந்தப் பூச்சின் மொத்தத் தடிமனே சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. கீறல் கண்ணை உறுத்தினால் மட்டும் செய்யுங்கள். பாதுகாப்புக்கு வேக்ஸ், அதாவது மெழுகுப் பூச்சு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

நம்ம பெங்களூரில் பெரிய தொல்லை போர்வெல் தண்ணீர். வெயிலில் கழுவி அப்படியே விட்டால் வெள்ளை வட்டங்கள் படிந்துவிடும், கருப்பில் பளிச்சென்று தெரியும். நிழலில் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம், அப்பார்ட்மென்ட்டில் ஒரே அழுக்குத் துணியால் வரிசையாக எல்லா காரையும் துடைப்பார்களே, மெல்லிய கீறல்கள் பாதி அதில் வருவதுதான். காய்ந்த பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள்.