வாசகர் கடிதம்: மைக்கை வாங்குனதும் எல்லாம் மறந்து போச்சு

அண்ணா, ஸ்தோத்திரம். போன மாசம் எங்க சபை வாலிபர் கூட்டத்துல என்னை செய்தி கொடுக்கச் சொன்னாங்க. நல்லா ஆயத்தம் பண்ணி நோட்ஸ் எல்லாம் எழுதி வச்சிருந்தேன், ஆனா மைக்கை கையில வாங்குனதும் ஒண்ணுமே ஞாபகம் வரல, வசனத்தை வாசிச்சுட்டு ஏதோ நாலு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துட்டேன். கூட்டம் முடிஞ்சதும் ஒரு மூத்த பிரதர் "முழங்கால்ல நிக்காம மேடையில நின்னா இப்படித்தான்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. இப்ப பாஸ்டர் சண்டே ஸ்கூல்ல ஒரு வகுப்பை எடுத்துக்கச் சொல்றாரு. முன்னாடி அங்க டீச்சருக்கு உதவியா இருந்து பிள்ளைங்களுக்கு மனப்பாட வசனம் சொல்லிக் கொடுத்திருக்கேன், அப்ப பயமே இருந்ததில்ல. இப்ப நினைச்சாலே கை நடுங்குது. "நான் தகுதியில்லாதவன் பாஸ்டர், வேற யாராவது பண்ணட்டும்"னு சொல்லிட்டே நாளை தள்ளுறேன். இந்த பயம் எப்படி போகும்? பேர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

முதல்ல அந்த பிரதர் சொன்னதை பேசிடுவோம், அதுதான் உங்களுக்குள்ள தங்கிப் போயிருக்கு. ஆபீஸ்ல ஒருத்தர் பேச வந்து தடுமாறிட்டா, பாவம் டென்ஷன் ஆயிட்டாருன்னு விட்டுடுவாங்க. அதுவே சபையில நடந்தா ஜெபம் பத்தல, அபிஷேகம் இல்ல, உள்ள ஏதோ சரியில்லன்னு உடனே ஆவிக்குரிய காரணம் தேட ஆரம்பிச்சிடுறோம், ஒரு தடவை பேச்சு வராம போனதுக்கு தேவனோட அவருக்கு இருக்கிற உறவையே எடை போட்டுடுறோம். அப்படி எடை போடுற இடத்துல யாருக்குத்தான் பயம் வராது? பதட்டத்துல நாக்கு வறண்டு போறதும் படிச்சது மறந்து போறதும் உடம்போட வேலை தம்பி, ராத்திரி முழுக்க ஜெபிச்சவங்களுக்கும் அது நடக்கும். அப்போஸ்தலன் பவுலே கொரிந்து சபைக்கு எழுதும்போது, நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்ககிட்ட இருந்தேன்னு ஒளிக்காம சொல்றாரு (1 கொரி. 2:3). அதைப் படிச்சுட்டு பவுலுக்கு ஜெபம் பத்தலன்னு யாரும் சொல்றதில்லையே.

நீங்க யோவான் மாற்குவைப் பத்தி கொஞ்சம் உக்காந்து படிக்கணும்னு ஆசைப்படுறேன். பவுலும் பர்னபாவும் முதல் ஊழியப் பயணம் போனப்ப கூட உதவிக்குப் போனவர் அவரு, சீப்புரு தீவுல சாலமி பட்டணத்துல அவங்க பிரசங்கிச்சப்ப உதவிக்காரனா கூடவே இருந்தாரு (அப்போஸ்தலர் 13:5). அங்கேருந்து கடல் தாண்டி பெர்கேக்கு வந்ததும் விட்டுட்டு எருசலேமுக்குத் திரும்பிட்டாரு. ஏன்னு வேதம் சொல்லல, நாமளும் காரணம் கட்ட வேண்டாம். ஆனா பவுல் அதை மறக்கல. அடுத்த பயணத்துக்கு மாற்குவையும் கூட்டிட்டுப் போலாம்னு பர்னபா சொன்னப்ப, பாதியில விட்டுட்டுப் போனவன் வேணாம்னுட்டாரு. சண்டை முத்தி ரெண்டு பெரிய ஊழியக்காரங்க பிரிஞ்சே போயிட்டாங்க. தன்னால இப்படி ஆச்சேன்னு மாற்கு எவ்வளவு கூனிக் குறுகி இருப்பாருன்னு யோசிச்சுப் பாருங்க, உங்க விஷயத்துல யாரும் பிரியல.

பர்னபா என்ன பண்ணாருன்னா, மாற்குவைக் கூட்டிக்கிட்டு மறுபடி சீப்புருவுக்கே கப்பல் ஏறுனாரு (அப். 15:39). அது பர்னபாவோட சொந்த ஊர்ங்கிறதும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா எனக்கு அதுல முக்கியமாப் படுறது வேற, அது மாற்கு ஏற்கெனவே ஊழியம் செஞ்சு பழகின இடம். விட்டுட்டு ஓடின பெர்கேக்கு நேரா கூட்டிட்டுப் போயி "இப்ப நிரூபிச்சுக் காட்டு"ன்னு பர்னபா நிறுத்தல. கடைசியில இதே பவுல் சிறையில இருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுறாரு, மாற்குவை உன்னோட கூட்டிட்டு வா, ஊழியத்துல எனக்கு அவன் பிரயோஜனமுள்ளவன்னு (2 தீமோ. 4:11). எனக்கு ரொம்பப் பிடிச்ச வசனங்கள்ல இதுவும் ஒண்ணு.

உங்க சீப்புரு உங்க கடிதத்துலயே இருக்கு, மனப்பாட வசனம் சொல்லிக் கொடுத்தப்ப பயமே இருந்ததில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதனால பாஸ்டர்கிட்ட "தகுதியில்லாதவன்"னு சொல்றதை இன்னையோட நிறுத்துங்க. அதைக் கேட்டா அவருக்கு தாழ்மை மாதிரிதான் தெரியும், உள்ள இருக்கிற பயம் தெரியாது, தெரியாத ஒண்ணுக்கு அவரு எப்படி உதவி பண்ணுவாரு? தனியா போய் உக்காந்து, அன்னைக்கு இப்படி ஆச்சு, அவரு இப்படி சொன்னாரு, அதுலருந்து பயமா இருக்கு, கொஞ்ச நாள் டீச்சர் கூட உதவியா இருந்துட்டு கதை சொல்ற நேரத்தை மட்டும் எடுத்துக்கட்டுமான்னு நேரடியா கேளுங்க. மெதுவா முழு வகுப்பும் எடுக்கலாம். கொஞ்ச நாள் இருந்து பார்த்தும் இது எனக்கான வேலை இல்லன்னு தெரிஞ்சா அதையும் தைரியமா சொல்லலாம், அப்போஸ்தலர்களே பந்தி விசாரிப்பை, அதாவது சாப்பாட்டைப் பகிர்ந்து கொடுக்கிற வேலையை, வேற ஏழு பேர்கிட்ட ஒப்படைச்சாங்க, ஆனா பயத்தை மட்டும் வச்சு இப்பவே அந்த முடிவுக்கு வந்துடாதீங்க.

வகுப்புல நடுவுல மறந்து போச்சுன்னா வேதத்தைத் திறந்து அதே பகுதியை சத்தமா இன்னொரு தடவை வாசிங்க, அப்புறம் பிள்ளைங்ககிட்ட இதுல யார் யார் வர்றாங்க, என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, அவங்க போட்டி போட்டு சொல்லுவாங்க, அதுக்குள்ள உங்களுக்கு மூச்சு சீராயிடும். முதல் ரெண்டு வாக்கியத்தை மட்டும் அப்படியே எழுதி வச்சு பார்த்தே வாசிச்சுடுங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல. பயம் முழுசா போன அப்புறம்தான் போவேன்னு காத்திருக்காதீங்க, கை நடுங்கினாலும் போங்க.

சபையில மூத்தவங்களா இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் தடவை நிக்கிற பிள்ளை தடுமாறுனா அன்னைக்கு எந்த ஆலோசனையும் சொல்லாதீங்க, பக்கத்துல போய் தோள்ல கை வச்சு அடுத்த வாரம் எங்கூட வாப்பான்னு கூப்பிடுங்க.

தம்பி, பாஸ்டர்கிட்ட பேசிட்டு எனக்கு எழுதுங்க, எந்த வேதபகுதி கொடுத்திருக்காங்கன்னும் சொல்லுங்க. ஜெபத்துல நினைச்சுக்கிறேன்.