வாசகர் கேள்விகள்: கடல் நடுவே ஒரு கலங்கரை விளக்கம்

கேள்வி: புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உள்ள பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்க்கச் சென்றபோது, பிரான்சில் கடலுக்கு நடுவிலேயே 400 ஆண்டுகளாக ஒரு விளக்கம் எரிந்துகொண்டிருப்பதாக உடன் வந்தவர் சொன்னார். அது உண்மையா? அலையும் உப்பும் சூழ்ந்த இடத்தில் ஒரு கட்டடம் எப்படி இத்தனை காலம் தாங்கும்?
(வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: உண்மைதான். அதன் பெயர் கோர்துவான். போர்தோ நகரின் துறைமுகத்திற்குக் கப்பல்கள் நுழையும் ஜிரோந்து கழிமுகத்தில், கரையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில், ஒரு பாறைத் திட்டின் மேல் அது நிற்கிறது. ஓதம் ஏறினால் திட்டு நீருக்குள் போய்விடும். ஓதம் இறங்கினால் மணலும் பாறையும் வெளியே தெரியும். அந்த நேரத்தில் படகில் போய், கடைசிச் சிறிது தூரத்தை நீரில் நடந்து கடந்து சேர வேண்டும்.

அந்த இடத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கோபுரம் இருந்தது. அப்பகுதியை அப்போது ஆண்ட ஆங்கிலேய இளவரசர் எட்வர்டு கட்டுவித்த அதன் உச்சியில் ஒரு துறவி தீ மூட்டி வந்தார். கடந்து செல்லும் கப்பல்களிடம் அதற்காகச் சுங்கம் வாங்கினார்கள். அது பாழடைந்த பின், 1584இல் லூயி த ஃபுவா என்ற பொறியாளர் புதிய கோபுரம் கட்ட ஒப்பந்தம் செய்தார். வேலை முடிந்தது 1611இல். 27 ஆண்டுகள் நீண்ட அந்தப் பணியின் முடிவைக் காண அவர் உயிரோடு இல்லை. கப்பலுக்கு வழிகாட்டும் தூணுக்குள் அரசருக்கென ஓர் அறையையும், அதற்கு மேல் ஒரு சிற்றாலயத்தையும் அமைத்திருந்தார். எந்த அரசரும் அங்கே வந்து தங்கியதில்லை என்பது தனிக் கதை.

1780களின் இறுதியில் ஜோசப் தெலேர் என்பவர், லூயி த ஃபுவா கட்டிய மேல்நிலைகளை இடித்துவிட்டு, அலங்காரமற்ற கூம்பு ஒன்றை ஏற்றிக் கோபுரத்தை ஏறத்தாழ 20 மீட்டர் உயர்த்தினார். இன்று எந்தத் தொல்லியல் துறையும் இதற்கு இசையாது. ஆனால் ஒளி தொலைவுக்கு எட்டவில்லை என்று மாலுமிகள் ஓயாமல் முறையிட்ட காலம் அது. தெலேர் செய்தது சிற்பத்திற்கு இழைத்த கொடுமை என்றாலும், விளக்கத்திற்குச் செய்த நன்மை என்றே நான் கருதுகிறேன். இப்போது அதன் உயரம் ஏறத்தாழ 67 மீட்டர். உச்சிக்குச் செல்ல 301 படிகள் ஏற வேண்டும்.

ஒளியின் வரலாறும் அங்கேதான் திரும்பியது. விறகும் கரியும் எரிந்த உச்சியில் பின்னர் எண்ணெய் விளக்கும் உலோக ஆடியும் வந்தன. உலோக ஆடி தன் மேல் விழும் ஒளியில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். அகுஸ்தேன் ஃப்ரெனெல் என்ற அறிவியலாளர், ஒரே தடித்த கண்ணாடிக்குப் பதிலாக, வளையம் வளையமாகப் பட்டை தீட்டிய கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து ஒளியை ஒரே திசையில் குவிக்கும் வில்லையை உருவாக்கி, 1823இல் முதன்முதலாகக் கோர்துவானில் பொருத்தினார். நான்கு ஆண்டுகளில், 39 வயதில், அவர் மறைந்தார். நீங்கள் பார்த்த புதுச்சேரி விளக்கம் 1836 ஜூலை 1 அன்று ஏற்றப்பட்டது. அதாவது கோர்துவானில் அந்த வில்லை ஒளிரத் தொடங்கிப் 13 ஆண்டுகள் கழித்து. நம்முடையது 1979இல் ஓய்வு பெற்றுவிட்டது. கோர்துவான் இன்னும் பணியில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் கடல் பக்கச் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. சிமென்ட் பூசினால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். கடல் நடுவே இருக்கும் பழைய விளக்கங்களையும் சிமென்ட் பூசித்தான் புதுப்பிக்கிறார்களா?
(வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: கொத்தனாரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். உப்பு நீர் கல்லின் அல்லது செங்கல்லின் நுண்துளைகளில் ஊறுகிறது. நீர் ஆவியானதும் உப்பு உள்ளேயே படிகமாகத் திரண்டு, இடம் போதாமல் துளையின் சுவரை நெருக்கி உடைக்கிறது. பழைய சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது, ஈரத்தை வெளியே விடக்கூடியது. ஆகவே உப்பு பெரும்பாலும் காரையின் வழியே வெளியேறி, காரையையே உதிர்க்கும். உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசிவிடலாம். சிமென்ட் இறுக்கமானது. அதைப் பூசினால் ஈரம் அடைபட்டு, கல்லின் வழியே வெளியேற முயன்று கல்லையே பொடியாக்கும். பூச்சு மட்டும் பளபளவென்று நிற்க, பின்னால் சுவர் கரைந்திருக்கும் வீடுகளை நம் ஊரிலேயே பார்க்கலாம். எனவே பழைய கல் கட்டடங்களைப் புதுப்பிப்போர் பொதுவாகச் சுண்ணாம்புக் காரையையே நாடுகிறார்கள். கோர்துவானில் அரித்துப்போன சுண்ணாம்புக் கற்களைப் பகுதி பகுதியாக மாற்றி வருகிறார்கள்; ஆளும் கல்லும் கருவியும் கடலின் போக்கைப் பார்த்தே போய்ச்சேர வேண்டும் என்பதால், கரையில் நடக்கும் வேலையின் வேகத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிமென்டின் முன்வரலாறே ஒரு கடல் விளக்கத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் எட்டிஸ்டன் பாறையில் 1759இல் விளக்கம் கட்டி முடித்த ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லைச் சுட்டெடுத்தால் அந்தச் சுண்ணாம்பு நீருக்குள்ளும் இறுகும் என்று சோதித்து அறிந்தார். அந்த வழியில் போனவர்கள்தான் 1824இல் போர்ட்லண்ட் சிமென்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

உங்கள் வீட்டுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். அதற்கு முன் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறதா, கூரையிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். அதை நிறுத்தாமல் எந்தப் பூச்சும் பயன்படாது.

கேள்வி: கோர்துவானில் இன்னும் காவலர்கள் வசிக்கிறார்களா?
(மாணவர், கடலூர்)

பதில்: ஆம். விளக்கு 2006 முதல் தானாகவே இயங்குகிறது. அரசுப் பணியிலிருந்த கடைசிக் காவலர்கள் 2012இல் விடைபெற்றார்கள். அதன் பிறகும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளவும் பார்வையாளர்களை வரவேற்கவும் முறை வைத்து ஆட்கள் தங்குகிறார்கள். 2021இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.