பை இல்லை, வேலை உண்டு: வாக்குவம் கிளீனர் கேள்வி–பதில்

பையில்லாத சைக்ளோன் வாக்குவம் கிளீனர் பற்றி நெல்லை, தென்காசிப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். நீண்ட ஹோஸோடு தரையில் உருண்டு வரும் வகையைப் பற்றித்தான் பேச்சு. கையில் தூக்கும் சார்ஜ் வகைக்கு இவற்றில் சில பொருந்தாது.

தேரி மண் எங்கள் வீட்டுக்குள் வராத நாளே இல்லை. 'பை கிடையாது, இழுவை குறையவே குறையாது' என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் சத்தம் கூடிவிட்டது, மண் ஏற மாட்டேன் என்கிறது. மெஷினே மோசமா?
– வாசகி, திசையன்விளை

மோட்டார் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. சத்தம் கூடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே நல்ல துப்பு. காற்றுப் பாதை அடைபட்டால் மோட்டார் தள்ள வேண்டிய காற்று குறைகிறது. சுமை குறைந்ததும் அது இன்னும் வேகமாகச் சுற்றிக் கீச்சென்று அலறும். 'இன்னைக்கு நல்லா இழுக்குது' என்று அதைத் தப்பாக எடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

சைக்ளோன் ஒன்றும் புதுச் சரக்கல்ல. பெரிய ரைஸ் மில்களில் உயரத்தில் நிற்கும் தகரக் கூம்பைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதேதான். தூசிக் காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழலும். கனமான துகள் சுவரோரம் ஒதுங்கிக் கீழே விழும், காற்று நடுவழியே மேலே போய்விடும். மர அறுவை ஆலையில் இப்படியொரு கூம்பைப் பார்த்த பிரிட்டன்காரர் ஜேம்ஸ் டைசன், 5,127 மாதிரிகள் செய்து அதை வீட்டு மெஷினுக்குள் அடக்கினார். அவருடைய சொந்த நிறுவனத்தின் முதல் மாடல் 1993-இல் கடைக்கு வந்தது.

தேரி மணல் மணிமணியாக, கனமாக இருப்பதால் கூம்புக்கு அது சுலபமான வேலை. கூடவே வரும் செம்பொடிதான் வம்பு. மணலுக்குச் சிவப்பைத் தரும் இரும்பு ஆக்சைடுப் பூச்சும் களியும் உரசி உதிர்ந்த பொடி அது. சுழலும் வட்டம் சிறியதாக இருந்தால்தான் இவ்வளவு சன்னமான தூசியை ஓரத்துக்குத் தள்ளும் விசை கிடைக்கும். அதனால்தான் விலை கூடிய மாடல்களில் பல சிறு கூம்புகளைச் சேர்த்து வைக்கிறார்கள். உங்களுடையது ஒற்றைக் கூம்பு என்றால் பொடி நேரே ஃபில்டரில் போய் அப்பும். 'இழுவை குறையாது' என்ற பேச்சு கூம்பைப் பொறுத்தவரை ஓரளவு சரி, ஃபில்டருக்கு அது செல்லாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டப்பாவைக் கழற்றுங்கள். உள்ளே துளை போட்ட உருளை ஒன்று இருக்கும். அதில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஈரம் படாமல் தேயுங்கள். அடுத்து, மோட்டாருக்கு முன்னால் உள்ள ஸ்பாஞ்ச் அல்லது மடிப்பு ஃபில்டரைப் பாருங்கள், செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தால் ஆள் அகப்பட்டாச்சு. மெஷினின் பின்பக்கம், காற்று வெளியே வரும் இடத்திலும் ஒரு ஃபில்டர் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

பிறகு எல்லாவற்றையும் மாட்டி, ஹோஸை மட்டும் கழற்றி, மெஷின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே பலமாக இழுத்து, ஹோஸ் நுனியில் இழுக்கவில்லை என்றால் அடைப்பு ஹோஸில்தான், பெரும்பாலும் கைப்பிடி வளைவில். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், ஹோஸ் ஓட்டையாகும். முனை மழுங்கிய மூங்கில் குச்சி போதும். இரண்டு இடத்திலும் இழுவை இல்லையென்றால், ஃபில்டரை விட்டால் டப்பா மூடியின் ரப்பர் வாஷர்தான். நாலு மணல் அதில் உட்கார்ந்தாலே காற்று கசியும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் மாட்டுங்கள்.

இனிமேல் டப்பாவை 'மேக்ஸ்' கோடு வரை நிரப்பாமல் மூன்றில் இரண்டு பங்கிலேயே கொட்டுங்கள். கோட்டைத் தாண்டினால் கீழே விழுந்த தூசியைச் சுழல் மறுபடி கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும். ஆடிக்காற்று நாளில் நடையில் குவியும் மண்ணை முதலில் வாரியலால் வாரிவிட்டு, மிச்சத்துக்கு மெஷினை ஓட்டுங்கள். டப்பா கீறல் விழுந்து மங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது பார்வைக்கு மட்டும்தான்.

ஒரு கடையில் 2000 வாட்ஸ் எடுங்கள் என்கிறார்கள், இன்னொன்றில் 1200 போதும் என்கிறார்கள். எது நன்றாக இழுக்கும்?
– வாசகர், பாளையங்கோட்டை

வாட்ஸ் என்பது மெஷின் தின்னும் கரண்டின் கணக்கு. அது எவ்வளவு இழுக்கும் என்பது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் 900 வாட்ஸுக்கு மேல் வீட்டு வாக்குவம் கிளீனரைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. அங்கேயும் வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. பெட்டியில் போட்டிருக்கும் கிலோபாஸ்கல் (உறிஞ்சும் அழுத்தத்தின் அளவு) எண்ணும் பாதிக் கணக்குத்தான். ஹோஸை முழுதாக அடைத்து, காற்றே ஓடாதபோது அளந்தது அது. தூசியைத் தூக்கிப் போவது ஓடும் காற்று. 'ஏர் வாட்ஸ்' என்று போட்டிருந்தால் அதை ஒப்பிடுங்கள், அதில் அழுத்தம், காற்றோட்டம் இரண்டும் சேர்ந்திருக்கும்.

2000 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் எடுக்கும். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது, 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். ஹாலில் அது இல்லாமல் ஏ.சி. அறையில் மட்டும் இருந்தால் அங்கிருந்து ஒயர் எட்டுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். ஒயரில் மஞ்சள் கோடு தெரியும்வரை வெளியே இழுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், சுருளுக்குள் கிடக்கும் ஒயர் சூடாகும். சிவப்புக் கோட்டைத் தாண்டி இழுக்கக் கூடாது.

டைல்ஸ், மொசைக், சிவப்புப் பால் தரைக்கு 1200 வாட்ஸ் தாராளம். கடையில் கேட்க வேண்டியது வேறு: 'இதுக்கு ஃபில்டர் தனியா கிடைக்குமா அண்ணாச்சி, என்ன விலை?' உடனே பதில் வராத மாடலை எடுக்காமல் இருப்பது நல்லது.

ஃபில்டரைக் கழுவி மாட்டினேன். ஓட்டினால் ஈர நாற்றம் அறை முழுக்க வருகிறது. சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை.
– வாசகி, தென்காசி

சாரல் காலத்தில் கழுவியிருப்பீர்கள். வெளிப்பக்கம் காய்ந்தது போல இருந்தாலும் ஸ்பாஞ்சின் நடுவில் ஈரம் நின்றிருக்கும். மாட்டி ஓட்டியதும் தூசி அதில் சேறாக ஒட்டிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஈரக்காற்று மோட்டாருக்குள் போவது அதைவிடக் கெடுதல்.

சோப்பு வேண்டவே வேண்டாம். ஸ்பாஞ்சில் தங்கும் சோப்பில் தூசி இன்னும் ஒட்டும். குழாய்த் தண்ணீரைச் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் போகும்படி விட்டு, தெளிவாக வரும்வரை அமுக்கி எடுங்கள், முறுக்காதீர்கள். சித்திரை வெயில் காலத்தில் நிழலில் 24 மணி நேரம் போதும். சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் ஃபேனுக்குக் கீழே வைத்தாலும் 48 மணி நேரம் விடுங்கள். அவசரத்துக்கு வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டினால் சட்டத்தின் பசை விட்டுப்போகும், ஸ்பாஞ்சும் நாளடைவில் பொடியும். இந்தத் தொல்லைக்கு நேர் வழி இரண்டு செட் ஃபில்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவதுதான்.

மடிப்பு மடிப்பாக இருக்கும், மிகச் சன்னமான தூசியையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) ஃபில்டரில் 'கழுவலாம்' என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவுங்கள். காகித வகை தண்ணீர் பட்டால் போச்சு. அழுக்குப் பக்கத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து, செய்தித்தாளின் மேல் மெல்லத் தட்டினால் போதும்.

நாறிப்போன ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்கள், டப்பாவைக் கழுவிக் காயவையுங்கள். உள்ளே அந்துருண்டை போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். மோட்டார்ச் சூட்டில் அதன் ஆவியும் அறைக்குள்தான் வரும்.

பெயின்ட் வேலை முடிந்து, சுவரைத் தேய்த்த பட்டிப் பொடியையும் சிமெண்டுத் தூசியையும் வாக்குவத்தில் எடுத்தோம். பத்து நிமிஷத்தில் நின்றுவிட்டது.
– வாசகர், சங்கர் நகர்

சிமெண்ட் ஊர்க்காரருக்கே சிமெண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது! பட்டி, சிமெண்ட், ஜிப்சம், கோலமாவு இவையெல்லாம் சைக்ளோனில் பெருமளவு தங்காத அளவுக்குச் சன்னம். சில நிமிஷத்தில் ஃபில்டரை மெழுகிவிடும். மோட்டாரைக் குளிர்விப்பதும் அதே காற்றுதான், அது நின்றதும் சூடேறிப் பாதுகாப்பு சுவிட்ச் தானே அணைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் மறுபடி ஓடும். அடைப்பை எடுக்காமல் ஓட்டினால் மறுபடி நிற்கும். கருகல் வாடையோ மோட்டார்ப் பக்கம் தீப்பொறியோ தெரிந்தால் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஃபில்டரைக் கழுவிவிடாதீர்கள். சிமெண்ட் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். தட்டிப் பார்த்துப் போகாவிட்டால் புதிது வாங்குங்கள். அடுத்த முறை தரையில் ஈர மரத்தூளைத் தூவிப் பெருக்கி, பிறகு ஈரத்துணியால் இரண்டு தடவை துடையுங்கள். மெஷின்தான் வேண்டுமென்றால் பை போட்ட டிரம் வகையை வாடகைக்கு எடுப்பது சரி.

மகனுக்கு ஆஸ்துமா. பை உள்ளதா, இல்லாததா?
– வாசகி, வள்ளியூர்

பை உள்ளது. செலவு கூடும், ஆனாலும் அதுதான். பையில்லாத மெஷின் ஓடும்போது எவ்வளவு நன்றாக வடிகட்டினாலும், டப்பாவைத் திறந்து கொட்டும் அந்த நேரத்தில் பிடித்த தூசியில் ஒரு பங்கு முகத்துக்கே திரும்பி வரும். பை என்றால் வாயை மூடி அப்படியே எறிந்துவிடலாம். 'ஹெப்பா டைப்' என்று எழுதியிருப்பது ஹெப்பா ஆகாது, எச்13 போலத் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். எச்13 ஃபில்டரைத் தாண்டிப் போகவே கடினமான நுண்துகள்களிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. மூடி வாஷர் கசிந்தால் அந்தக் கணக்கு வீண்.

ஏற்கெனவே பையில்லாததை வாங்கியிருந்தால், மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் ஓட்டுங்கள். வீட்டுக்கு வெளியே, பெரிய பிளாஸ்டிக் பைக்குள் டப்பாவை முழுதாக நுழைத்து, பையின் வாயைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திறந்து, ஒரு நிமிஷம் தூசி அடங்கியபின் வெளியே எடுங்கள். உங்கள் பக்கம் அடிக்கிற காற்றுக்கு எந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்தமடைப் பாயையும் இலவம்பஞ்சு மெத்தையையும் இதில் சுத்தம் செய்யலாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பாய்க்கு மென்மையான முடி பிரஷ்ஷை மாட்டி, கோரை ஓடும் திசையிலேயே இழுங்கள். சுழலும் பிரஷ் வேண்டாம், பாவு நூலை அறுத்துவிடும். மெத்தைக்குக் கைப்பிடியில் உள்ள சின்னக் காற்று மூடியைப் பாதி திறந்து இழுவையைக் குறையுங்கள். இல்லாவிட்டால் உறையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், நெசவு தளர்ந்த இடத்தில் இலவம்பஞ்சும் வெளியே வரும். தட்டி வெயிலில் போடுவதை நிறுத்த வேண்டாம். அது மெத்தையின் ஈரத்தைப் போக்கும், மெஷின் அதைச் செய்யாது.

பீடி சுற்றும் இடத்தில் சிந்தும் தூளை எடுக்கலாமா?
– வாசகி, முக்கூடல்

இலைத் துணுக்கை எடுக்கலாம். புகையிலைப் பொடியை எடுத்தால் ஃபில்டரில் நெடி தங்கி, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வீடெல்லாம் வரும். ஈரத்துணி மேல். மெஷினின் பின்பக்கக் காற்று சுளகுப் பக்கம் திரும்பினால், எடுத்ததைவிடப் பறப்பது அதிகமாக இருக்கும்.

ஹோஸைப் பிடித்தால் சில நாள் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. ஆபத்தா?
– வாசகர், சங்கரன்கோவில்

வறண்ட வெயில் நாளில் ஒரே ஒரு சுரீர், பிறகு ஒன்றுமில்லை என்றால், பிளாஸ்டிக் ஹோஸில் மண் உரசுவதால் சேரும் நிலைமின்சாரம். ஆபத்தில்லை. நடுநடுவே ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொள்ளுங்கள், ஈரப்பதம் உள்ள நாளில் தானே மறைந்துவிடும். பிடித்திருக்கும் நேரமெல்லாம் விர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தால் அது கரண்ட் கசிவு. மெஷினைத் தொடாமல் போர்டில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். எலக்ட்ரீஷியன் மெஷினையும் வீட்டு எர்த்தையும் பார்த்துச் சொல்லும்வரை மாட்ட வேண்டாம்.