மனித உரிமைக்காரங்க ஏன் குற்றவாளிக்கு மட்டும் ஓடி வர்றாங்க?

கேள்வி இதுதான்: "செயின் அறுத்தவனுக்குக் கை உடைஞ்சா உடனே கொடி புடிக்கிற மனித உரிமை அமைப்புங்க, செயினைப் பறிகொடுத்தவங்களுக்கு ஏன் வர்றதில்ல? இவங்களால நாட்டுக்கு என்ன பிரயோஜனம்?"

கேட்டவர் வீட்ல யாரோ செயின் பறிகொடுத்திருக்கணும்னு நினைக்கிறேன், கேள்வியிலயே அந்தக் கோவம் தெரியுது. நியாயமான கோவம்தான். எங்க தெருவுலயே ஒரு அம்மா கழுத்து அறுபட்டு, அப்புறம் ரொம்ப நாள் கடைக்குக்கூட வெளிய வராம கிடந்தாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன். அதனால உங்களைத் திட்டணும்னு எழுத வரல. ஆனா கீழ வந்திருக்கற பதில்ல பாதிக்கு மேல, போலீஸ் புடிச்சு கை உடைஞ்சவனோட மாவுக்கட்டு போட்டோவைப் போட்டு சிரிச்சு வெச்சிருக்காங்க பாருங்க, அதைத் தாண்டிப் போக என்னால முடியல. என் தம்பிக்கும் அந்த மாவுக்கட்டு விழுந்திருக்கும். விழாம போனதுக்கு நீங்க திட்டற அந்த மனித உரிமைக்காரங்கதான் காரணம்.

நேர் பதிலை முதல்ல சொல்லிடறேன். செயின் போனவங்களுக்காக போலீஸ் தேடுது, அரசாங்கம் தன் செலவுல வக்கீல் வெச்சு கேஸ் நடத்துது. அதுல குறை இருந்தா திட்டுங்க, நானும் சேந்து திட்டறேன். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டேஷன் உள்ரூம்ல ஜட்டியோட உக்கார வெச்சிருக்கறவனுக்கு அந்த நேரத்துல யாருமே கிடையாது. அவன் செஞ்சானா இல்லையான்னே அப்ப யாருக்கும் தெரியாது. அங்க போய் நிக்கறதுக்குத்தான் இந்த அமைப்புங்க இருக்கு. செஞ்சவனா இருந்தாலும் அவனை அடிக்கிற அதிகாரம் எந்தச் சட்டத்துலயும் போலீஸுக்கு இல்ல, தண்டனை குடுக்கறது கோர்ட்டு வேலை.

நாங்க வடசென்னை, வியாசர்பாடி. ஹவுசிங் போர்டு வீடு. எந்த ஸ்டேஷன், எந்த அதிகாரின்னு எழுத மாட்டேன், கேஸ் இன்னும் இருக்கு. கொரோனா ரெண்டாவது அலை ஓஞ்ச நேரம், தம்பி டெலிவரி வேலைக்குப் போயிட்டு வந்து சாப்பிட உக்காந்தான், மஃப்டியில வந்தாங்க, சும்மா ஒரு விசாரணைம்மா, அரை மணி நேரத்துல அனுப்பிடறோம்னு சொல்லி கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்கயோ ஒரு செயின் பறிப்பு, சிசிடிவில தெரிஞ்ச பைக்கும் இவன் பைக்கும் ஒரே கலராம். அவ்ளோதான் ஆதாரம். அம்மாவும் நானும் பின்னாடியே ஓடினோம். வாசல்ல இருந்தவர் "இன்னாம்மா ராத்திரி நேரத்துல, வூட்டுக்குப் போ, காலையில வா"ன்னாரு. உள்ள இருக்கானா இல்லையான்னுகூட சொல்லல.

ஏரியா கட்சிக்காரர் போனை எடுக்கல. அடுத்து ஒருத்தர் வந்தார், காரு முன்கண்ணாடியில மனித உரிமைன்னு சிவப்பு எழுத்துல ஸ்டிக்கர், கழுத்துல டேக் போட்ட ஐடி கார்டு, மாநிலத் துணைத் தலைவராம். இன்ஸ்பெக்டர் நம்ம ஆளுதான்னு சொல்லி அம்மாகிட்ட 5000 ரூபாய் வாங்கிட்டு உள்ள போனார், டீ குடிச்சிட்டு வெளிய வந்தார், நாளைக்கு விட்டுடுவாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். இந்த மாதிரி ஆளுங்களாலதான் உண்மையா வேலை செய்யறவங்க பேரும் கெட்டுப் போகுது. நீங்க பாத்ததும் இந்த ஸ்டிக்கர் கோஷ்டியைத்தான்னா உங்க கோவம் எனக்குப் புரியுது.

அப்புறம்தான் எங்க ஏரியாவுல பசங்களுக்கு ட்யூஷன் எடுக்கற அண்ணன் ஒருத்தர் ஒரு வக்கீல் அக்காவுக்கு போன் போட்டார். மனித உரிமை அமைப்பு ஒண்ணுல இருக்கறவங்க. ஸ்கூட்டியில தனியா வந்தாங்க. வந்ததும் ஸ்டேஷனுக்குள்ள போய் சத்தம் போடுவாங்கன்னு பாத்தா, எங்களை எதிர்ல இருக்கற டீக்கடை பெஞ்சுல உக்கார வெச்சு ஒரு நோட்டை எடுத்தாங்க. எத்தனை மணிக்கு வந்தாங்க, எத்தனை பேரு, வண்டி நம்பர் பாத்தீங்களா, பக்கத்து வீட்ல யார் பாத்தாங்க, தம்பி என்ன கலர் சட்டை, உடம்புல பழைய காயம் ஏதாவது இருக்கா. அந்தக் கடைசிக் கேள்வி அப்ப எனக்குப் புரியல. பழைய காயம் எதுன்னு முதல்லயே எழுதி வெச்சாதான் புதுக்காயம் எதுன்னு நாளைக்குச் சொல்ல முடியும்னு அவங்க சொன்னப்ப அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. "அழுவாதீங்கம்மா, இவன் கையும் காலும் நல்லபடியா இருந்துச்சுன்னு நீங்கதான் சாட்சி, தெளிவா சொல்லுங்க"ன்னாங்க.

அங்கயே உக்காந்து போன்லயே டைப் பண்ணி கமிஷனருக்கு, மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எல்லாம் மெயில் அனுப்பினாங்க. எங்க பேரு, நேரம், எந்த ஸ்டேஷன், கைது மெமோ குடுக்கல, சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்லல, ஸ்டேஷன் சிசிடிவி பதிவை அழிக்காம வெக்கணும். அந்த சிசிடிவி வரிக்குப் பின்னாடி 2020 டிசம்பர்ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வெச்சு பதிவைப் பாதுகாக்கணும்னு. முன்னாடியெல்லாம் இதே வேலையைத் தந்தி அடிச்சு பண்ணுவாங்களாம், தந்தி ஆபீஸ் ரசீதுல நேரம் இருக்கும், கோர்ட்ல அது பெரிய சாட்சி, 2013ல தந்தியையே நிறுத்தினப்புறம் மெயில்தான்னு சொன்னாங்க. எல்லாம் அனுப்பிட்டுத்தான் உள்ள போனாங்க. சத்தமே போடல. கைது பண்ணியாச்சா, பண்ணியிருந்தா மெமோ குடுங்க, பண்ணலன்னா அனுப்புங்க, ரெண்டும் இல்லன்னா காலையில ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு. அவ்ளோதான் பேசினாங்க.

இந்த மெமோ எப்படி வந்துச்சு தெரியுமா? 1986ல மேற்கு வங்காளத்துல சட்ட உதவி அமைப்பு ஒண்ணை நடத்தின டி.கே. பாசுங்கறவர், லாக்கப் சாவு பத்தி பேப்பர்ல வந்த செய்தியை வெச்சு சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்கு ஒரு லெட்டர் போட்டார். அந்த லெட்டரையே மனுவா எடுத்துக்கிட்டு 1996 டிசம்பர்ல தீர்ப்பு குடுத்தாங்க, மொத்தம் 11 கட்டளை. கைதுக்கு மெமோ, அதுல நேரம் தேதி, வீட்டு ஆளோ அக்கம்பக்கத்து ஆளோ சாட்சிக் கையெழுத்து, 48 மணி நேரத்துக்கு ஒருதடவை டாக்டர் பரிசோதனை, இதையெல்லாம் ஸ்டேஷன்ல போர்டுல எழுதி மாட்டணும். இந்த அமைப்புங்களால என்ன பிரயோஜனம்னு கேக்கறீங்களே, நாளைக்கு உங்க பையனையே ஆள் மாறி கூட்டிட்டுப் போனாலும் அந்த 11 கட்டளைதான் அவனுக்கும். எலக்‌ஷன்ல கடைசியா நோட்டா பட்டன் இருக்கே, அதுவும் பி.யூ.சி.எல்ங்கற மனித உரிமை அமைப்பு போட்ட கேஸ்ல 2013ல வந்ததுதான்.

மறுநாள் மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு வந்தாங்க. வேன்ல இருந்து இறங்கினவன் பாதத்தை முழுசா தரையில வைக்கல, ரெண்டு காலையும் வெளிப்பக்கமா சாய்ச்சு ஓரத்தை மட்டும் ஊனி ஊனி நடந்தான். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மேல ஒரு கீறல் கிடையாது. உள்ளங்கால்லதான் லத்தி. வக்கீல் அக்கா அவன் நடையைப் பாத்ததுமே புரிஞ்சுக்கிட்டாங்க, வராண்டாவுல போலீஸ் முன்னாடியே "அடிச்சாங்களான்னு கேட்டா தலையாட்டாதே, செருப்பைக் கழட்டிக் காட்டு"ன்னாங்க. காட்டினான். மாஜிஸ்ட்ரேட் எழுந்து எட்டிப் பாத்து, எழுதிக்கிட்டு, ஜெயிலுக்குப் பதிலா முதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாங்க. அந்த மாஜிஸ்ட்ரேட் அம்மாவுக்கு எங்க குடும்பமே கடன்பட்டிருக்கு, ஏன்னா எல்லா இடத்துலயும் அப்படி எட்டிப் பாக்கறதில்ல. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல போலீஸ் அடியில செத்துப்போன அப்பா மகன் ரெண்டு பேரையும் ரிமாண்ட் பண்ணினப்ப காயத்தை சரியாப் பாக்கலங்கறதுதானே நாடே கேட்ட கேள்வி? கொஞ்ச நாள் கழிச்சு செயின் அறுத்தவன் வேற எங்கயோ மாட்டினான். குற்றப்பத்திரிகையில தம்பி பேரே இல்ல.

இப்ப ஒருத்தர் வந்து கேப்பார், உன் தம்பி அப்பாவி, சரி, நிஜ ரவுடிக்கு எதுக்குன்னு. 2025 ஜூன்ல மடப்புரம் கோயில் காவலாளியை நகை காணோம்னு கூட்டிட்டுப் போய் அடிச்சே கொன்னாங்களே, அவர் செத்தப்புறம்தானே ஐயோ பாவம்னு எழுதினீங்க? அடி விழும்போது எல்லாரும் ரவுடிதான். போலீஸ் எல்லாருமே கெட்டவங்கன்னு நான் சொல்லல, எங்க சித்தப்பா பையனே ஆயுதப்படையில இருக்கான், லீவு கிடைக்காம அவன் படற பாடும் எனக்குத் தெரியும்.

ஃபாரின் காசு வாங்கிட்டு ஃபாரின் கதை பேசறாங்கன்னு கீழ ஒருத்தர் எழுதியிருக்கார். எங்க வக்கீல் அக்கா எங்ககிட்ட ஒரு பைசா வாங்கல, அது எனக்குத் தெரியும். ஃபாரின் கதையை நானே சொல்றேன் கேளுங்க. அமெரிக்காவுல கறுப்பின மக்களுக்காக 1909ல ஆரம்பிச்ச என்.ஏ.ஏ.சி.பின்னு ஒரு அமைப்பு. 1934ல மிசிசிப்பியில ஒரு வெள்ளைக்காரரைக் கொன்னதா மூணு கறுப்பின விவசாயிங்களைப் புடிச்சாங்க. ஒருத்தர் கழுத்துல கயிறு போட்டு மரத்துல தூக்கித் தூக்கி இறக்கினாங்க, மத்த ரெண்டு பேரை பக்கிள் வெச்ச தோல்பட்டையால முதுகு கிழியக் கிழிய அடிச்சாங்க, ஒத்துக்கிட்டாங்க, தூக்குத் தண்டனை. அடிச்சதை அந்த ஊர் போலீஸ் அதிகாரியான துணை ஷெரிப்பே கோர்ட்ல மறைக்காம சொன்னார். கழுத்துல கயிறு தடம் அப்படியே இருந்துச்சு. அப்பவும் ஊரே கொலைகாரனுக்கு எதுக்கு உரிமைன்னுதான் கேட்டிருக்கும். அந்த அப்பீலுக்கு இந்த அமைப்பும் காசு திரட்டிக் குடுத்துச்சு, 1936ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் எல்லா நீதிபதியும் ஒரே குரல்ல அந்த தண்டனையை ரத்து பண்ணினாங்க, அடிச்சு வாங்கின வாக்குமூலம் செல்லாதுன்னு. 2020ல ஜார்ஜ் ஃபிளாய்டை கள்ள நோட்டு குடுத்ததா புடிச்சு கழுத்துல முழங்கால் வெச்சு கொன்னப்ப, போலீஸ் முதல்ல விட்ட அறிக்கையில அது மருத்துவக் கோளாறுன்னுதான் இருந்துச்சு. ஒரு பதினேழு வயசுப் பொண்ணு போன்ல எடுத்த வீடியோ வந்தப்புறம்தான் உண்மை தெரிஞ்சுது. நம்ம ஊர்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான், பாலத்துல இருந்து குதிச்சான்னு எழுதறது இதே எழுத்துதானே.

அங்க நிறம், இங்க சாதி. ரெண்டும் ஒண்ணான்னு சண்டைக்கு வருவீங்க. 2001ல தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்கு தலித் அமைப்புங்க போய் இதைத்தான் பேசினாங்க, சாதி வேற இனம் வேறன்னு நம்ம அரசாங்கம் ஒத்துக்கல. அடுத்த வருஷமே ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பை வெச்சு ஒதுக்கறதுல சாதியும் அடங்கும்னு எழுத்துல குடுத்துச்சு. ஐ.நா. சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணும்னு இல்ல. எங்க பக்கம் பெரும்பாலும் எஸ்.சி ஜனங்க. பி.காம் முடிச்சிட்டு நான் போன இன்டர்வியூல அட்ரஸைப் பாத்துட்டு "வியாசர்பாடியா"ன்னு ஒரு இழுப்பு இழுப்பாங்க, அதோட சரி. இப்ப எங்க தெருப் பசங்க பயோடேட்டாவுல பெரம்பூர்னு போட்டுக்கறாங்க. சினிமாக்காரங்க ஒரு ரவுடி வேணும்னா கேமராவைத் தூக்கிட்டு பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துடறாங்க, கையில கத்தி, வாயில கஞ்சா, பின்னாடி கானா. எங்க ஏரியாவுல கேரம் ஆடி ஜெயிச்சவங்க, ஃபுட்பால் ஆடி வேலைக்குப் போனவங்க எத்தனை பேரு, அது யார் கண்ணுலயும் படாது. கேள்விக்கு சம்பந்தமில்லன்னு சொல்வீங்க. சம்பந்தம் இருக்கு, ஒரே கலர் பைக் அண்ணா நகர்லயும் நூறு ஓடுது, வண்டி எங்க வீட்டு வாசல்லதான் வந்து நின்னுச்சு.

பாதிக்கப்பட்டவங்களுக்கு வர்றதில்லன்னு சொல்றதும் தப்பு. வாச்சாத்தியில 1992 ஜூன் 20 அன்னிக்கு சந்தனக் கட்டை தேடறோம்னு போன வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க 18 பெண்களை நாசம் பண்ணினாங்க, ஊரையே சூறையாடினாங்க. மலைவாழ் மக்கள் சங்கம் அந்தக் கேஸை விடவே இல்ல. குற்றம் சாட்டினது 269 பேர் மேல, 2011ல தீர்ப்பு வந்தப்ப 54 பேர் செத்தே போயிருந்தாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளி. 2023ல சென்னை ஹைகோர்ட் அதை உறுதி பண்ணுச்சு. 31 வருஷம். அந்தப் பெண்களோட முப்பத்தோரு வருஷம் கோர்ட்டு படி ஏறினவங்களைப் பாத்துத்தான் குற்றவாளிக்கு மட்டும் வர்றாங்கன்னு சொல்றோம்.

எங்க கேஸ்ல மனித உரிமை ஆணையம் விசாரிச்சு இழப்பீடு குடுக்கச் சொல்லி, சம்பந்தப்பட்ட அதிகாரி சம்பளத்துல புடிக்கச் சொல்லிடுச்சு. ஆணையம் பரிந்துரைக்கறதை அரசாங்கம் ஏத்துக்கிட்டே ஆகணும்னு 2021லயே ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் சொல்லியிருக்கு. எங்க கேஸ்ல ஆணையம் சொன்னதை எதிர்த்து அந்த அதிகாரி தரப்புல ஹைகோர்ட் போயிருக்காங்க, நடக்குது. தம்பி இப்ப வேற கம்பெனியில டெலிவரிதான் பண்றான், அந்த பைக்கை வித்துட்டான்.

யாருக்காவது இந்த நிலைமை வந்தா: 15100க்கு போன் போடுங்க, சட்டப்பணிகள் ஆணைக்குழு. காவல்ல இருக்கறவங்க, பெண்கள், எஸ்.சி, எஸ்.டி யாரா இருந்தாலும் வருமானம் பாக்காம வக்கீல் இலவசம். மாநில மனித உரிமை ஆணையம் கிரீன்வேஸ் ரோட்ல இருக்கு, வெள்ளைத்தாள்ல தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம், கட்டணம் கிடையாது, ஆனா சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள குடுத்துடணும், அப்புறம் எடுக்க மாட்டாங்க. ஐடி கார்டு தர்றேன், பதவி தர்றேன், இன்ஸ்பெக்டரைத் தெரியும்னு காசு கேக்கறவர்கிட்ட ஒத்த ரூபாய் குடுக்காதீங்க.